மீண்டும் சோற்றைக் குறைத்தபோது

(குறுவள மையக் கூட்டத்தில் 'ஆசிரியர் உடல்நலம்' என்னும் தலைப்பில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வழக்கமாகப் பாடம் பற்றிப் பேசுவோம், கற்றல் விளைவுகள் பற்றிப் பேசுவோம். இன்று பத்து நிமிடம் உடல்நலம் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். "ஏன் சார் என்னைக் கூப்பிடுறீங்க?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "டீச்சர், நீங்கதான் ரெண்டு தடவை இளைச்சவங்க" என்றார். அவர் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் ஒருவர் இரண்டு முறை இளைத்திருக்கிறார் என்றால், நடுவில் ஒரு முறை பெருத்திருக்கிறார் என்றுதானே பொருள்? இன்று நான் பேசப்போவது அதைப் பற்றியும்தான். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. என் வகுப்பில் படித்த ஒரு குழந்தைக்கு என்னால் நேர்ந்த ஒன்று. அதைச் சொல்லத்தான் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

முதல் முறை

2017 ஆம் ஆண்டு தொடக்கத்தில் என் எடை 78 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். அந்தக் காலத்தில் ஆசிரியர் ஓய்வறைகளில் எல்லாம் பேலியோ பேச்சாகத்தான் இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். அரிசி வேண்டாம், கோதுமை வேண்டாம், சர்க்கரை வேண்டாம். முட்டை, இறைச்சி, மீன், பாதாம், வெண்ணெய், பன்னீர், காய்கறி. இவ்வளவுதான் உணவு. நானும் தொடங்கினேன். நாளொன்றுக்கு மாவுச்சத்து 40 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு மாதத்தில் 13 கிலோ குறைந்து 65க்கு வந்தேன். பழைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். போகிற இடமெல்லாம் "எப்படி டீச்சர்?" என்று கேட்டார்கள். நானும் ஒரு மருத்துவரைப்போலப் பதில் சொன்னேன். சோறு சாப்பிடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு ஒரு இளக்காரம் வந்துவிட்டது. வீட்டில் என் அத்தை, "சோறு வடிக்காத அடுப்பு என்னம்மா அடுப்பு?" என்பார். நான் பதில்கூடச் சொல்லமாட்டேன். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் மட்டும் சமையலறையில் முட்டையும் கீரையுமாக நின்றபடி சாப்பிட்டு முடிப்பேன்.

இரண்டு ஆண்டுகள் ஓரளவு காப்பாற்றினேன். 2019 இல் கலந்தாய்வில் பணிமாறுதல் கிடைத்தது. போக வர மூன்று மணி நேரம் பேருந்துப் பயணம். காலை ஆறரை மணிக்குக் கிளம்பவேண்டும். முட்டை அவிக்க நேரம் இல்லை. பேருந்து நிலையத்தில் நான்கு இட்லி என்று தொடங்கியது. அடுத்து ஒரு உறவினர் வீட்டுத் திருமணம். மூன்று நாள் வடை பாயசத்தோடு சாப்பாடு. திரும்பி வந்து எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருந்தது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று நினைத்தேன். அன்று விட்டதுதான். பிறகு கொரோனா விடுமுறை, வீட்டிலேயே இருப்பு, மாலையில் பஜ்ஜி. 2023 ஏப்ரலில் எடை பார்த்தபோது 81 கிலோ. தொடங்கிய இடத்தைவிட மூன்று கிலோ கூடுதல்.

அப்போதுதான் மூன்று மாதச் சர்க்கரை அளவு எனப்படும் எச்பிஏ1சி பரிசோதனையும் எடுத்தேன். 6.3 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 6.5 என்றால் நீரிழிவு. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் அப்பா நீரிழிவால் ஒரு கால் விரலை இழந்தவர். எனவே எனக்கு யாரும் பயமுறுத்தத் தேவைப்படவில்லை.

நான் மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு முடிவுகள் 2023 இல் வெளிவந்தன. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், 13.6 கோடிப் பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. இந்த அறையில் இருக்கும் நம்மில் எத்தனை பேர் அதில் ஒருவர் என்பதை நாம் ஒவ்வொருவரும் பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கணக்குப் பாடம்

நான் சொல்லும் இந்த உணவுமுறை புதியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1863 இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். இறந்தவர்களின் இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தியவர். அறுபதைக் கடந்த வயது, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ. வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு போன்றவற்றை விட்டார், இளைத்தார், அதை எழுதினார். அந்த நூல் பரபரப்பாக விற்றது. அவர் பெயரே உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சுவீடன் மொழியில் இன்றும் எடை குறைப்புக்கு அந்தச் சொல்தான். ஆக, 160 ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி இது. வேலை செய்கிறது. ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இறங்கினால் என்னைப்போல ஏமாறவேண்டிவரும்.

முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது என்றேனே, அது கொழுப்பு அல்ல, பெரும்பாலும் தண்ணீர். நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. உடலில் அது ஏறக்குறைய அரைக்கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் கிளைகோஜன் கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. தராசில் எடை இறங்குகிறது. மூன்று நாள் கல்யாணச் சாப்பாட்டில் கிளைகோஜன் நிரம்புகிறது, தண்ணீர் திரும்புகிறது, எடை ஏறுகிறது. அன்று திருமணத்திலிருந்து வந்து நான் பார்த்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி அதுதான். ஒரு வாரம் பொறுத்திருந்தால் இறங்கியிருக்கும். அறிவியல் ஆசிரியராகிய நான், தண்ணீரைப் பார்த்துக் கொழுப்பு என்று நினைத்துத் தோற்றுப்போனேன்.

இரண்டாவது உண்மை, எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைந்த ஆற்றலில் வாழக் கற்றுக்கொள்கிறது, பசியையும் கூட்டுகிறது. எனவே இளைப்பதைவிட இளைத்த எடையில் நிற்பதுதான் கடினம். மூன்றாவது, மாவுச்சத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் மற்றொரு பகுதியினருக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவும் பரிந்துரைத்து ஓராண்டு பார்த்தார்கள். 2018 இல் முடிவு வந்தது. சராசரியாக முதல் குழு 5.3 கிலோ, இரண்டாவது குழு 6 கிலோ குறைந்திருந்தது. பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு குழுவிலும் நிறைய இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். யாருக்கு எது தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிறதோ அதுதான் அவருக்கு நல்லது.

எனக்கு ஏன் மாவுச்சத்தைக் குறைப்பது பொருத்தம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் ஐந்து இட்லி. ஒரு இட்லியில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து. மதியம் 400 கிராம் சோறு. நூறு கிராம் சோற்றில் 28 கிராம் என்றால் அது 112. மூன்று வேளை தேநீரில் இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரை, 30. மாலையில் பிஸ்கட், 20. இரவு தோசை, 80. மொத்தம் 300 கிராமைத் தொடுகிறது. வகுப்பறையில் நிற்பதைத் தவிர வேறு உடலுழைப்பு இல்லாத நாற்பது வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு?

இன்னொன்றும் சொல்லவேண்டும். "நான் அரிசியை விட்டுட்டேன் டீச்சர், இப்ப கேழ்வரகும் கம்பும்தான்" என்று பலர் சொல்கிறார்கள். மிக நல்லது. நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. ஆனால் அவையும் தானியம்தான். நூறு கிராம் சிறுதானியத்திலும் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. ஆறு கேழ்வரகு தோசை சாப்பிட்டுவிட்டு எடை குறையவில்லையே என்றால் குறையாது.

அயோடின் சோதனை

2023 ஜூனில் பள்ளி திறந்தபோது மீண்டும் தொடங்கினேன். பழையபடியே 40 கிராம். பழைய வேகம். பழைய இளக்காரமும் கூடவே வந்துவிட்டது. எங்கள் ஓய்வறையில் மதியம் நான் இரண்டு முட்டையும் வெள்ளரிக்காயும் மட்டும் வைத்துக்கொண்டு உட்காருவதைச் சன்னல் வழியாகக் குழந்தைகள் பார்ப்பார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஜூலையில் ஏழாம் வகுப்பில் அயோடின் சோதனை செய்துகாட்டினேன். சோற்றுப் பருக்கை மேல் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். உருளைக்கிழங்கு மேல் விட்டால் கருநீலம். முட்டை வெள்ளைக்கருமேல் விட்டால் நிறம் மாறாது. குழந்தைகளுக்கு உற்சாகம். அந்த உற்சாகத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "பாத்தீங்களா, இந்தச் சோத்தைத் தின்னுதான் டீச்சர் குண்டாயிட்டேன். இனிமே தொடமாட்டேன்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்தது. நான் மறந்துவிட்டேன்.

ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் குழந்தை மயங்கி விழுந்தாள். தூக்கி வந்து படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்தோம். "காலைல சாப்பிட்டியா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். சாப்பிட்டேன் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று தெரியவில்லை. இந்த வயதில் வெறும் வயிற்றோடு வருகிற குழந்தைகள் நமக்குப் புதிதல்ல. காலை உணவுத் திட்டம் நம் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பெரிய துணை. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட குழந்தை காலையில் வீட்டில் இருப்பதைத்தான் சாப்பிடவேண்டும்.

சத்துணவுச் சமையலர் அக்கா என்னைத் தனியாக அழைத்தார். "டீச்சர், அந்தப் பாப்பா பத்து இருபது நாளா சோறு வாங்குறதே இல்ல. முட்டைய மட்டும் வாங்கிக்கிட்டுப் போயிடுது. வயிறு சரியில்லன்னு சொல்லுது" என்றார்.

மதியம் அவளை அருகில் உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"பசங்க என்னைப் பூசணின்னு கூப்பிடுறாங்க மிஸ். நீங்கதான சொன்னீங்க, சோறு தின்னாதான் குண்டாவாங்கன்னு. நீங்களும் முட்டை மட்டும்தான சாப்பிடுறீங்க."

பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இருபது ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாதி மறந்துவிடுவார்கள், திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். நான் சொல்லிக்கொடுக்காமலேயே இவள் முழுதாகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுதான்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது பழைய சோறும் வெங்காயமும் எடுத்து வைத்துவிட்டுப் போவார். அதை அந்தக் குழந்தை மூன்று வாரமாக ஆட்டுக்கு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரவில் மட்டும் அம்மாவுக்குப் பயந்து கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறாள். அம்மாவிடம் என் பங்கை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னா கேக்கும் டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதுப் பெண் குழந்தைக்கு 12 இருக்கவேண்டும். இந்த இரத்தசோகை மூன்று வாரத்தில் வந்ததல்ல, முன்பே இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். எடையையும் உயரத்தையும் பார்த்தார். 41 கிலோ, 146 சென்டிமீட்டர். "வயசுக்கு ஏத்த எடைதான். யாரு இதைக் குண்டுன்னு சொன்னது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

யாருக்கு எது உணவு

அதன்பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். என் தட்டும் அந்தக் குழந்தையின் தட்டும் ஒன்றல்ல. எனக்கு வளர்ச்சி முடிந்துவிட்டது. அவளுக்கு எலும்பு நீள்கிறது, இரத்தம் பெருகவேண்டும், பூப்படையும் வயது. என் உடலில் செலவழிக்கக் கையிருப்பு இருக்கிறது. அவளிடம் இல்லை. நான் சோற்றை விட்டால் அந்த இடத்தில் மீன், பாதாம், பன்னீர் வாங்க எனக்குச் சம்பளம் வருகிறது. அவள் சோற்றை விட்டால் அந்த இடத்தில் வைக்க வேறு எதுவும் இல்லை. ஒன்றை நீக்கிவிட்டு வேறொன்றை வைப்பதற்குப் பெயர் உணவுமுறை. நீக்கிவிட்டு ஒன்றும் வைக்காவிட்டால் அதற்குப் பெயர் பட்டினி.

நடுநிலை வகுப்புக் குழந்தைக்கு மதிய உணவில் 700 கலோரி ஆற்றலும் 20 கிராம் புரதமும் கிடைக்கவேண்டும் என்பது அரசின் அளவுகோல். அதில் பெரும்பகுதி அந்த 150 கிராம் அரிசியிலிருந்துதான் வருகிறது. முட்டை ஒன்றில் கிடைப்பது ஆறு கிராம் புரதமும் எழுபது சொச்சம் கலோரியும். அவள் முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போனபோது, தனக்கு உரிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

காமராசர் காலத்தில் 1956 இல் மதிய உணவு விரிவடைந்தது, 1982 இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவானது, பிறகு முட்டை வந்தது, கலவைச் சாதம் வந்தது, 2022 இல் காலை உணவு வந்தது. நாமே அதைப் பாடமாக நடத்துகிறோம். பிள்ளைகளைத் தட்டின் முன் உட்காரவைக்க ஒரு மாநிலம் இத்தனை காலம் பாடுபட்டிருக்கிறது. நான் ஒரு வேடிக்கை வார்த்தையில் ஒரு பிள்ளையைத் தட்டின் முன்னிருந்து எழுப்பிவிட்டேன்.

மீண்டும், வேறு விதமாக

உணவுக் கட்டுப்பாட்டையே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் 6.3 அப்படியேதான் இருந்தது. அப்பாவின் கால் விரலும் நினைவுக்கு வந்தது. விடக் கூடாது, மாற்றவேண்டும் என்று முடிவு செய்தேன். என் மருத்துவரிடமும் கேட்டேன். 40 கிராம் என்ற கடுமை எனக்குத் தேவையில்லை, 130 கிராமை ஒட்டி நின்றாலே போதும் என்றார். மாவுச்சத்துக் குறைந்த உணவு என்று பொதுவாகச் சொல்லப்படும் எல்லையும் அதுதான்.

இப்போது என் ஒரு நாள் இப்படி இருக்கிறது. காலையில் இரண்டு இட்லி, பருப்பு கெட்டியாக விட்ட சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை. மதியம் நூறு கிராம் சோறு, அதைப்போல இரண்டு மடங்கு கீரை அல்லது பொரியல், கொஞ்சம் சுண்டல் அல்லது மீன், மோர். மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. தேநீர் இரண்டு வேளை, சர்க்கரை இல்லாமல். இரவு ஒரு அடை அல்லது ஒரு சப்பாத்தி, நிறைய காய். விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. வீட்டில் எனக்கென்று தனி அடுப்பு இல்லை. எல்லோரோடும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அத்தைக்கு அதில்தான் மகிழ்ச்சி. "இந்தத் தடவதான் ஒழுங்கா இளைக்கிற" என்கிறார்.

பள்ளியில் என்ன மாற்றினேன் என்றால், ஓய்வறையை விட்டு எழுந்து சத்துணவு வரிசை அருகே குழந்தைகளோடு உட்கார்ந்து என் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறேன். என் பாத்திரத்திலும் சோறு இருக்கிறது என்பதை அவர்கள் பார்க்கவேண்டும். "ஏன் மிஸ் கொஞ்சமா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள். "எனக்குச் சர்க்கரை வரப்போகுதுன்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க வளர்ற பிள்ளைங்க, நான் வளர்ந்து முடிச்சவ" என்றேன். அவ்வளவுதான். அவர்களுக்குப் புரிந்தது. அதே ஏழாம் வகுப்பில் மறுபடியும் அயோடின் சோதனை செய்தேன். இந்த முறை, "இது நீங்க ஓடி விளையாடவும் படிக்கவும் வேண்டிய எரிபொருள்" என்று சொல்லி, போன முறை நான் சொன்னது தவறு என்பதையும் சொன்னேன். ஆசிரியர் தவறு என்று ஒப்புக்கொண்டால் மரியாதை குறையும் என்று சிலர் பயப்படுவார்கள். எனக்கு அப்படி நேரவில்லை.

பதினாறு மாதங்கள் ஆகின்றன. இப்போது என் எடை 72. முதல் முறை ஏழு மாதத்தில் 13 கிலோ, இப்போது பதினாறு மாதத்தில் 9 கிலோ. நடுவில் மூன்று மாதம் எடை அசையவே இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏறியது, பிறகு இறங்கியது. தண்ணீர்தான் என்று தெரிந்திருந்ததால் பதறவில்லை. எச்பிஏ1சி 5.8க்கு வந்திருக்கிறது. இன்னும் இயல்பு நிலை இல்லை. ஆனால் வாசற்படியிலிருந்து சில அடி பின்னால் வந்திருக்கிறேன். மாலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன், பள்ளியில் மாடிப்படி ஏறுகிறேன். அதுவும் சேர்ந்துதான் இந்த 5.8.

சில வேண்டுகோள்கள்

முதலாவது, பரிசோதித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டினருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்கவேண்டும். தையல் நாடா போதும்.

இரண்டாவது, ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள். மருந்தின் அளவு அப்படியே இருக்க, உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்ற ஆசிரியைகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை. நான் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு மருந்து எழுதிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது, விட்டவர்கள் மீண்டும் தொடங்க வெட்கப்படாதீர்கள். "போன தடவை என்னாச்சு?" என்று நான்கு பேர் கேட்பார்கள். ஒரு பாடத்தில் தேறாத மாணவனிடம் நாம் என்ன சொல்கிறோம்? துணைத் தேர்வு எழுது என்கிறோம். நமக்கும் அதுதான். ஆனால் அதே பழைய முறையில் படித்துவிட்டுப் போய் எழுதக் கூடாது.

நான்காவதுதான் நான் இங்கே வந்ததற்குக் காரணம். வகுப்பறையில் யாருடைய உடம்பைப் பற்றியும் வேடிக்கை பேசாதீர்கள். மாணவர் உடம்பைப் பற்றி மட்டுமல்ல, நம் உடம்பைப் பற்றியும். 'குண்டு', 'பூசணி', 'குச்சி', 'ஓமக்குச்சி' என்று குழந்தைகள் கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். சத்துணவு வரிசையில் யார் சோறு வாங்கவில்லை என்பதைச் சமையலர் அக்காக்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். வாரம் ஒரு முறையாவது அவர்களிடம் கேளுங்கள். வாராவாரம் தருகிற இரும்புச்சத்து மாத்திரையைக் குழந்தை நம் கண்முன் விழுங்குகிறதா என்று பாருங்கள். அந்தக் குழந்தையின் பாவாடைப் பையில் நான் ஆறு மாத்திரைகளைப் பார்த்தேன்.

அவள் இப்போது எட்டாம் வகுப்பு. ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டிவிட்டது. கபடி அணியில் இருக்கிறாள். சென்ற வாரம் மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டாள். இரண்டாவது முறை வாங்க எழுந்தவள், என் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், உங்களுக்குக் கொஞ்சம் வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, எனக்குப் போதும். நீ வாங்கிக்கோ" என்றேன். போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

தேநீர் வருகிறது என்று நினைக்கிறேன். எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.